“நல்ல வக்கீல் யாருண்ணே?” – கேசில் சிக்கியவர்கள் முதல் 24 மணி நேரத்தில் செய்ய வேண்டியது

பூட்டுக்குப் பேர் போன ஊர் திண்டுக்கல். கடைக்கு வந்து ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்குகிறவர்கூட சும்மா வாங்கிக்கொண்டு போவதில்லை. சாவியைப் போட்டு நாலு தடவை திருப்பிப் பார்க்கிறார். வளையத்தை இழுத்துப் பார்க்கிறார். “இன்னொரு சாவி போட்டால் திறக்குமா?” என்று கேட்கிறார். அதற்கப்புறம்தான் காசை எடுக்கிறார்.

அதே ஆள், தன் வீட்டுப் பையன் மேல் கிரிமினல் கேசு விழுந்தால் என்ன செய்கிறார்?

டீக்கடையில் யாரோ சொன்ன பேரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். வக்கீல் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறார். நகையை அடகு வைத்து வந்த பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். ரசீதும் கேட்பதில்லை, கேசு என்ன செக்‌ஷன் என்றும் கேட்பதில்லை.

ஆறு மாதம் கழித்துத்தான் தலையில் கை வைக்கிறார்.

பத்துப் பேர், பத்து வக்கீல்

பேகம்பூர் நெருக்கமான பகுதி. ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம் இங்கேதான் இருக்கிறது. அந்த பேகத்தின் பெயரால் வந்ததுதான் பேகம்பூர். பெரிய பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களில் ஒரு வீட்டுச் சங்கதி அடுத்த வீட்டுக்குத் தெரிய அரை மணி நேரம் போதும்.

இது நல்லதுதான். ஒருத்தருக்கு ஒன்று என்றால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். ஆனால் கேசு விஷயத்தில் இதுவே வில்லங்கமாகவும் முடிகிறது. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனால், ஒன்பது மணிக்கெல்லாம் வாசலில் பத்துப் பேர். பத்துப் பேரும் பத்து வக்கீல் பேர் சொல்வார்கள்.

“பாய், நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார். போன் போட்டா போதும்.”

“அவரு வேணாம்ணே. இவரு ஜட்ஜுக்கே வேண்டியவரு.”

பெற்றவர்களுக்கு எது சரி, எது தப்பு என்று புரிவதில்லை. கடைசியில் யார் சத்தமாகச் சொன்னாரோ அவர் சொன்ன வக்கீல்தான்.

இதில் பணம் மட்டும் போவதில்லை. ஒரு ஆளின் ஜெயில் வாசம், வேலை, பாஸ்போர்ட்டு, கல்யாணம் எல்லாமே இந்த ஒரு முடிவில் தொங்குகிறது.

மணிக்கணக்கு முக்கியம்

போலீசார் ஒருவரைக் கைது செய்தால் ஏன் கைது என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். அவர் சொல்கிற உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் கொடுத்தாக வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன்னால் நிறுத்த வேண்டும். தனக்குப் பிடித்த வக்கீலைக் கலந்து பேசுவது அவருடைய உரிமை. இது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு.

போலீசார் விசாரிக்கும்போதும் வக்கீலைச் சந்திக்கலாம். விசாரணை முழுக்க வக்கீல் பக்கத்திலேயே உட்கார முடியாதே தவிர, சந்திக்கவே கூடாது என்று யாரும் தடுக்க முடியாது. பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த உரிமை அப்படியே இருக்கிறது.

ஆகவே முதல் நாள் ஒரு வக்கீல் தேவை. ஆனால் கேசு முடியும் வரைக்குமான வக்கீலை அந்த ராத்திரியிலேயே முடிவு செய்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ரிமாண்டு சமயத்தில் ஆஜராக ஒருவர் போதும். ஆள் இல்லை என்றால் இலவச சட்ட உதவி வக்கீல் கோர்ட்டிலேயே கிடைப்பார். பெரிய முடிவை இரண்டு நாள் விசாரித்து எடுக்கலாம்.

வக்கீல் வீட்டுக்குப் போகும் முன்பு எப்.ஐ.ஆர். நகலை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் அதை இணைய தளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. பாலியல் குற்றம் போன்ற சில கேசுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. செக்‌ஷன் தெரியாமல் வக்கீல் தேடுவது, என்ன நோய் என்று தெரியாமல் டாக்டர் தேடுவது மாதிரி.

புரோக்கர்கள், உஷார்!

ஸ்டேஷன் வாசலிலும் கோர்ட்டு வாசலிலும் நின்றுகொண்டு “வக்கீல் வேணுமா?” என்று கேட்கிற ஆசாமிகளை ஜனங்களுக்குத் தெரியும். இவர்கள் கொண்டு வந்து விடுகிற ஒவ்வொரு கேசுக்கும் இவர்களுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு வக்கீல் கையிலிருந்து போவதில்லை. கட்சிக்காரர் மடியிலிருந்துதான் போகிறது.

இப்படி ஆள் பிடித்துக் கொடுப்பவர்களுக்கு எதிராக வக்கீல்கள் சட்டத்தில் 2023-ல் ஒரு திருத்தம் வந்தது. புரோக்கர்கள் பட்டியலை ஐகோர்ட்டும் மாவட்ட நீதிபதியும் தயாரிக்கலாம். பட்டியலில் பெயர் இருந்தும் தொழிலைத் தொடர்ந்தால் மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வக்கீல்கள் விளம்பரம் செய்யவும் கூடாது. பார் கவுன்சில் விதி அது. “நம்பர் ஒன் கிரிமினல் வக்கீல்” என்று போஸ்டர் ஒட்டினாலும் தப்பு, செல்போனில் நட்சத்திரக் குறி போட்டு வரிசைப்படுத்தினாலும் தப்பு. இப்படி வக்கீல்களைக் கடைச் சரக்கு மாதிரி பட்டியல் போடும் இணைய தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி சென்னை ஐகோர்ட்டு 2024 ஜூலையில் உத்தரவிட்டது.

அப்படியானால் நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது?

கோர்ட்டில் போய் உட்காருங்கள்

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. காசு செலவில்லாத வழி. கோர்ட்டு நடவடிக்கை பொதுவாக எல்லோரும் பார்க்கக் கூடியது. ஒரு நாள் காலையில் போய்ப் பின் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்து பார்க்கலாம். யார் கேசு கட்டைப் படித்துவிட்டு வருகிறார், யார் கூப்பிட்ட பிறகு ஓடி வருகிறார், யார் சாட்சியை நிதானமாகக் குறுக்கு விசாரணை செய்கிறார், யார் வாய்தா மட்டுமே கேட்கிறார் என்பது அரை நாளில் தெரிந்துவிடும்.

இன்னொரு வழி, அதே மாதிரி கேசு நடத்தி முடித்த குடும்பத்தைக் கேட்பது. ஜெயித்தாரா என்று மட்டும் கேட்கக் கூடாது. “வாய்தாவுக்கு வந்தாரா? போன் எடுத்தாரா? என்ன நடக்குதுன்னு சொன்னாரா?” என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது வழி, ‘இ-கோர்ட்ஸ்’ தளம். அதில் வக்கீல் பெயரைப் போட்டாலே அவர் பேரில் பதிவாகியுள்ள கேசுகள் வரும். எந்த மாதிரி கேசு நடத்துகிறவர் என்று ஓரளவு புரியும். சிவில் கேசில் கெட்டிக்காரர் எல்லாம் கொலைக் கேசில் கெட்டிக்காரர் ஆகிவிட முடியாது. தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேட்பதிலும் தப்பில்லை. உண்மையான வக்கீல் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்

முதல் சந்திப்பிலேயே சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும் என்கிறார்கள் கோர்ட்டு விவரம் தெரிந்தவர்கள்.

“ஐயா, இது ஜாமீனில் விடக்கூடிய செக்‌ஷனா, விடக்கூடாத செக்‌ஷனா?”

“மாஜிஸ்திரேட்டு கோர்ட்டா, செஷன்ஸ் கோர்ட்டா?”

“நீங்களே ஆஜராவீங்களா, இல்லே ஜூனியர் வருவாரா?”

“ஜாமீன் இங்கே கிடைக்கலேன்னா மதுரைக்கு யார் போவாங்க?”

கடைசிக் கேள்வி திண்டுக்கல்காரர்களுக்கு முக்கியம். 2004 ஜூலை 24-ந் தேதி ஐகோர்ட்டு மதுரைக் கிளை திறக்கப்பட்ட பிறகு, இங்குள்ளவர்கள் ஐகோர்ட்டுக்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. ஆனால் மதுரையில் வேறு வக்கீல் என்றால் அவருக்குத் தனி பீஸ். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னும் கைதாகவில்லை, ஆனால் போலீசார் தேடுகிறார்கள் என்றால் முன்ஜாமீன் கேட்க வேண்டும். அதை செஷன்ஸ் கோர்ட்டோ ஐகோர்ட்டோதான் கொடுக்க முடியும். “மாஜிஸ்திரேட்டு கிட்டே முன்ஜாமீன் வாங்கித் தர்றேன்” என்று யாராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

60 நாள், 90 நாள்

நல்ல கிரிமினல் வக்கீலின் டைரியில் இரண்டு தேதிகள் கட்டாயம் குறித்திருக்கும்.

ஆள் ரிமாண்டில் இருக்கும்போது, போலீசார் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது அவரது உரிமை. தூக்கு, ஆயுள், பத்து வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள கேசுகளில் இந்தக் கெடு 90 நாள். பெரிய அளவு கஞ்சா போன்ற போதைப் பொருள் கேசுகளில் 180 நாள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கெடு முடிந்ததும் மனு போட்டாக வேண்டும். “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று அசந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போச்சு. ஒரு நாள் அலட்சியம் பல மாத ஜெயிலாகிவிடும்.

“நம்ம கேசுக்கு 60 நாளா, 90 நாளாங்கய்யா?” என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

“பைன் கட்டிட்டுப் போயிடலாம்”

சின்னக் கேசுகளில் நடப்பது வேறு விதம்.

“ஒத்துக்கிட்டா அபராதத்தோட முடிஞ்சிடும். எதுக்கு அலையணும்?” என்பார்கள். ஒரு நாள் கூலி போகக் கூடாதே என்ற நினைப்பில் ஆட்டோ ஓட்டுபவரும், கடைப் பையனும், தோல் ஷாப் தொழிலாளியும் தலையாட்டிவிடுகிறார்கள்.

ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு பைன் கட்டினாலும் அது தண்டனைதான். நாளைக்கு அரசாங்க வேலைக்கு மனு போட்டாலோ, வளைகுடா நாட்டுக்குப் போகப் போலீஸ் சான்றிதழ் கேட்டாலோ அந்தப் பழைய கேசு முன்னால் வந்து நிற்கும். பைன் கட்டச் சொல்லும் முன்பு “தம்பி என்ன படிக்கிறே? வெளிநாடு போற யோசனை இருக்கா?” என்று கேட்கிற வக்கீல்தான் கட்சிக்காரர் மேல் அக்கறை உள்ளவர்.

பாகவதரையே ஜெயிலில் வைத்த கேசு

“பெரிய வக்கீலைப் போட்டால் ஜெயம் நிச்சயம்” என்று நினைப்பவர்களுக்கு லட்சுமிகாந்தன் கொலைக் கேசு ஞாபகம் வர வேண்டும்.

1944 நவம்பரில் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். சினிமா உலகின் உச்சத்தில் இருந்தவர்கள். பணத்துக்குப் பஞ்சமில்லை. பேர் பெற்ற வக்கீல்களுக்கும் பஞ்சமில்லை. இருந்தும் 1945-ல் ஆயுள் தண்டனை விழுந்தது. ஐகோர்ட்டு அப்பீலும் தோற்றது.

கேசு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடியும் சென்னை ஐகோர்ட்டுக்கே திரும்பி வந்தது. 1947-ல் வக்கீல் வி.எல்.எத்திராஜ் வாதாடினார். சாட்சியங்களை ஐகோர்ட்டு நம்ப மறுத்தது. இருவரும் விடுதலை ஆனார்கள். ஆனால் அதற்குள் ஜெயிலில் இரண்டு வருடத்துக்கு மேல் போய்விட்டது. பாகவதரின் சினிமா வாழ்வு அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை.

ஆகவே “நூத்துக்கு நூறு விடுதலை வாங்கித் தர்றேன்” என்று முதல் நாளே சொல்கிற வக்கீலை நம்பக் கூடாது. பலவீனம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறவரே மேல். தோற்றால் அப்பீல் உண்டு, அதற்குக் கெடு உண்டு என்பதையும் அவர் சொல்ல வேண்டும்.

பீஸ் விஷயம்

பீஸ் இவ்வளவுதான் என்று ஒரே கணக்குக் கிடையாது. ஆனால் எது எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்கலாம். ஜாமீனுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு, வாய்தாவுக்கு வாய்தா தனியா என்று தெளிவாகப் பேசி, ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

“ஜெயிச்சா இவ்வளவு கொடுங்க” என்று முடிவை வைத்துப் பீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தப்பு. கட்சிக்காரருக்கு வக்கீலே ஜாமீன்தாரராக நிற்பதும் கூடாது.

“ஜட்ஜுக்குக் கொடுக்கணும், பி.பி.க்குக் கொடுக்கணும்” என்று யாராவது பணம் கேட்டால் அது பீஸ் அல்ல. அது லஞ்சம், அல்லது மோசடி. கொடுத்தவரும் மாட்டிக்கொள்வார்.

வெற்றுத்தாளில் கையெழுத்து? கேட்டது யாராக இருந்தாலும் போடக் கூடாது.

வக்கீலிடம் மறைக்காதீர்கள்

கட்சிக்காரர்கள் செய்கிற பெரிய தப்பு, சொந்த வக்கீலிடமே பாதியை மறைப்பது. “நான் அந்தத் தெருவுக்கே போகலை” என்று சொல்லிவிட்டு வருவார். கோர்ட்டில் கண்காணிப்புக் கேமரா படத்தில் அவரே நிற்பார். வக்கீல் முகத்தில் ஈ ஆடாது.

வக்கீலிடம் நம்பிச் சொன்னதை, கட்சிக்காரர் அனுமதியில்லாமல் அவர் வெளியே சொல்லக் கூடாது என்பது சாட்சிச் சட்டத்திலேயே இருக்கிறது. இனிமேல் செய்யப் போகும் குற்றத்துக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்லலாம்.

ஒரே கேசில் நாலு பேர் மாட்டினால் நாலு பேருக்கும் ஒரே வக்கீல் என்பதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். “கத்தி எடுத்தது அவன்தான், நான் விலக்கிவிடப் போனேன்” என்று ஒருவர் சொல்ல வேண்டி வந்தால், அதே வக்கீல் இரண்டு பேருக்கும் எப்படிப் பேசுவார்?

காசு இல்லையா? கவலை வேண்டாம்

கையில் காசில்லை என்பதற்காக வக்கீல் இல்லாமல் யாரும் நிற்க வேண்டியதில்லை. அருணாசலப் பிரதேச கேசு ஒன்றில், இலவச வக்கீல் கேட்கும் உரிமை இருப்பதை குற்றம் சாட்டப்பட்டவருக்கு யாரும் சொல்லவில்லை என்ற காரணத்துக்காகவே 1986-ல் சுப்ரீம் கோர்ட்டு தண்டனையை ரத்து செய்தது.

பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எதுவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்டக் கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

“ஓசி வக்கீல் ஒழுங்கா வாதாடுவாரா?” என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. மத்தியப் பிரதேசம் கண்ட்வாவில் 2013-ல் ஒரு கொலைக் கேசு. சட்ட உதவி வக்கீல் நியமிக்கப்பட்ட அன்றைக்கே குற்றச்சாட்டுப் பதிவு. இரண்டே வாரத்தில் தூக்குத் தண்டனை. வக்கீலுக்குக் கேசைப் படிக்கவே நேரமில்லை என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தண்டனையை ரத்து செய்து மறு விசாரணைக்கு அனுப்பியது. 2024-ல் அந்த ஆள் விடுதலையானார். உள்ளே போனது 11 வருடம்.

தூக்கு, ஆயுள் வரக்கூடிய கேசுகளில் குறைந்தது 10 வருட அனுபவம் உள்ள வக்கீலைத்தான் நியமிக்க வேண்டும், தயாராகக் குறைந்தது 7 நாளாவது கொடுக்க வேண்டும் என்று அதே தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஏழை எளியவர்கள் இதைக் கேட்டே வாங்கலாம். 2022-ல் வந்த திட்டப்படி, சொந்தக் கேசு எதுவும் எடுக்காமல் சட்ட உதவிக் கேசுகளை மட்டும் முழு நேரமாக நடத்தும் வக்கீல்களும் மாவட்டங்களில் நியமிக்கப்பட்டு வருகிறார்கள்.

“உனக்கு யாரும் ஆஜராக மாட்டோம்”

ஊரே கொதிக்கிற கேசுகளில் “இவனுக்கு எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது” என்ற குரல் வருவது உண்டு. அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இதற்கான தீர்ப்பு நம் கோயம்புத்தூர் விவகாரத்தில்தான் வந்தது. வக்கீல்களுக்கும் போலீசாருக்கும் மோதல். கேசில் சிக்கிய போலீசாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. இந்த மாதிரித் தீர்மானம் எதுவும் செல்லாது என்று 2010 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அடித்துச் சொன்னது. எவ்வளவு கொடியவன் என்று ஊர் நினைத்தாலும் அவனுக்காக வாதாட ஒருவர் இருக்க வேண்டும். இன்றைக்குப் போலீஸ்காரருக்குக் கிடைத்த அதே பாதுகாப்பு, நாளைக்குப் பொய்க் கேசில் மாட்டும் அப்பாவிக்கும் வேண்டும் அல்லவா?

பிடிக்கவில்லையா? மாற்றலாம்

தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் முழுகிவிடவில்லை. வக்கீலை மாற்றுவது கட்சிக்காரரின் உரிமை. பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, புதியவர் வக்காலத்துத் தாக்கல் செய்யலாம்.

“பாக்கிப் பணம் கொடுத்தால்தான் கேசு கட்டு” என்று கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. பீஸ் பாக்கிக்குத் தனியாக வழக்குப் போடலாமே தவிர கேசு கட்டை அடகுப் பொருளாக்கக் கூடாது என்று 2000-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மோசம் போனவர்கள் பார் கவுன்சிலில் புகாரும் கொடுக்கலாம்.

ஆனால் வாய்தாவுக்கு வாய்தா வக்கீலை மாற்றுவதும் ஆபத்து. புதியவர் கேசைப் படிப்பதற்குள் முக்கிய சாட்சி வந்து போய்விடுவார். மாற்றுவதானால் சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும்.

கேசு என்பது சொல்லிக்கொண்டு வருவதில்லை. ரோட்டில் ஒரு உரசல், வாடகைத் தகராறு, திருவிழாவில் ஒரு கைகலப்பு எதுவும் எப்.ஐ.ஆர். ஆகலாம். வீட்டுச் சுவரில் கேஸ் ஏஜென்சி நம்பர் எழுதி வைத்திருப்பவர்கள் அதன் பக்கத்தில் 15100 என்றும் எழுதி வைக்கட்டும். தேவைப்படாமலே இருந்தால் ரொம்ப நல்லது.